கன் மாறியது, கணக்கு மாறியது: ஒரு மருந்து குடோனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்கு வடக்கே செங்குன்றம் பக்கம் உள்ள ஒரு மருந்து குடோனில் 2023-ல் தொடங்கி மறு ஆண்டு வரை நடந்தது இது. மருந்து நிறுவனங்களின் சரக்கைப் பெற்று வைத்து, மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் சி அண்ட் எஃப் குடோன். மாத்திரை, சிரப், குளுக்கோஸ் பாட்டில், குளிர் அறையில் வைக்கும் ஊசி மருந்து எல்லாம் உண்டு. மாதத்தின் முதல் பாதி நிதானமாகப் போகும். கடைசி வாரத்தில் விற்பனைக் கணக்கை முடிக்க எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் பில் போடும். இரவு வரை லாரிகள் வரிசையில் நிற்கும். மருந்து வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிடங்கு மேலாண்மை மென்பொருளை அங்கே நிறுவிய குழுவில் நானும் இருந்தேன். ஆட்கள், நிறுவனங்கள் பெயர் இங்கே வராது.

அந்த குடோனில் ஆரம்பத்தில் சரக்கு அடுக்கும் உயரமான ராக் ஒவ்வொன்றிலும் ‘பின் கார்டு’ என்ற இருப்பு அட்டை தொங்கியது. வந்த சரக்கையும் போன சரக்கையும் பேனாவால் எழுதுவார்கள். அப்புறம் மென்பொருளும் கையடக்க ஸ்கேனர்களும் வந்தன. குடோனில் எல்லோரும் அவற்றை ‘கன்’ என்றுதான் சொல்வார்கள், கைப்பிடியும் விசையும் துப்பாக்கி போலவே இருப்பதால். பழுதான கருவிகளைப் போட்டு வைத்திருந்த இரும்பு அலமாரியைத் திறந்தபோது, ஏறக்குறைய ஒரே வடிவக் கருவிகளின் நெற்றியில் சிம்பல், மோட்டோரோலா, ஜீப்ரா என்று மூன்று பெயர்கள் இருந்தன. சிம்பலை 2007-ல் மோட்டோரோலா வாங்கியது. அந்தப் பிரிவை 2014-ல் ஜீப்ரா வாங்கியது. பெயர் மாறியதே தவிர, விசையை இழுத்தால் சிவப்புக் கோடு, கீழே எண் பலகை, திரையில் வெறும் எழுத்துகள் என்ற அமைப்பு மாறவே இல்லை.

ராக் லேபிள்களும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததுதான் கடைகளில் பார்கோடின் தொடக்கம். எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் பதிக்கும் கோட் 39 உருவானதும் அதே 1974-ல்தான். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அதைப் பிடித்துக்கொண்டன. 1981-ல் அதைவிடச் சுருக்கமான கோட் 128 வந்தது. ஆனாலும் இந்த குடோனின் ராக்குகளில் 2023-லும் ஒட்டியிருந்தது கோட் 39-தான். வேலை நடக்கும்வரை யாரும் லேபிளைப் பிய்த்து மாற்ற மாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

மாற்ற வேண்டி வந்தது ஏன்

பழைய கன்களில் ஓடியது விண்டோஸ் எம்பெடட் காம்பாக்ட் 7 என்ற இயங்குதளம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. அதனால் மட்டும் ஒரு கன்னும் நின்றுவிடவில்லை. கன்கள் பேசியது குடோன் அலுவலகத்தில் இருந்த சர்வரோடு, அதுவும் டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறை வழியாக, எந்தப் பூட்டும் இல்லாமல். வெளியுலகம் தெரியாத கருவிக்கு ஆபத்து குறைவு.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளி டேட்டா சென்டருக்குப் போக இருந்ததுதான் சிக்கல். தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் 1.2 முறை இல்லாமல் அங்கே கதவு திறக்காது. குடோனில் இருந்த பழைய கன்களின் உலாவியால் அது முடியவில்லை.

அடுத்தது கியூஆர் குறியீடு. அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் பார்கோடோ கியூஆர் குறியீடோ இருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸிலும் கியூஆர்தான். பழைய கன்னின் லேசர் ஒரே கோட்டில் ஓடித் திரும்பும். பட்டைகளின் அகலத்தை அளக்க அது போதும். சதுரமாகப் பரவிய கியூஆரை அதனால் படிக்கவே முடியாது. அதற்குப் படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வேண்டும். லேசர் தலையை மட்டும் கழற்றி மாற்றும் யோசனையும் வந்தது. இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்துபோன கருவியில் பணம் போடுவது வீண் என்று குடோன் மேலாளர் அதை ஒதுக்கினார்.

ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு மாறுவது என்று தீர்மானம் ஆனது. சுமார் 30 கருவிகள்.

வாங்கும் முன் கவனித்தவை

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், ராக்கிலிருந்து சரக்கை எடுத்துத் தரும் பிக்கர்களோடு நடந்து பார்க்கலாம் என்று கேட்டோம். மேலாளருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ‘வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பாருங்கள்’ என்று சம்மதித்தார். இந்த ஆய்வில் பயன்பட்டதெல்லாம் பெரும்பாலும் அந்த நடையில் கிடைத்ததுதான்.

அனுபவமுள்ள ஒரு பிக்கர் திரையைப் பார்ப்பதே இல்லை. இடத்தை ஸ்கேன் செய்வார், பேட்ச்சை (ஒன்றாகத் தயாரான மருந்துத் தொகுதியின் எண்) ஸ்கேன் செய்வார், கட்டைவிரல் தானாகவே எண்ணை அழுத்தி என்டர் தட்டும். திரை வருவதற்குள் அடுத்த இரண்டு திரைகளுக்கான பட்டன்களையும் அழுத்திவிடுவார். டெல்நெட் திரை அந்த அழுத்தங்களை வரிசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கும். புதிதாக வந்தவர் ஒரு பெட்டி எடுப்பதற்குள் இவர் மூன்று எடுப்பதன் ரகசியம் இதுதான். எந்தக் கையேட்டிலும் இது எழுதப்படவில்லை.

சரக்கு இறங்கும் இடத்தில் கண்டது வேறு விஷயம். மேசையின் மேல் லேமினேட் செய்த ஓர் அட்டை. அதில் முதல் மூன்று வரிசை ராக்குகளின் இட பார்கோடுகள் நகல் எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. லாரி இறங்கியதும், பெட்டிகளை அடுக்கிய அடிப்பலகையான பேலட்டின் லேபிளை ஸ்கேன் செய்வார்கள், அட்டையில் இருக்கும் இட பார்கோடையும் ஸ்கேன் செய்வார்கள். ‘ராக்கில் ஏற்றியாகிவிட்டது’ என்று மென்பொருள் எழுதிக்கொள்ளும். பேலட்டோ இன்னும் தரையில் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் சும்மா கிடைக்கும்போது ஏற்றுவார்கள், சில நாள் மாலை வரை ஆகும்.

இதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் உடனே அட்டையைப் பிடுங்கலாம். காரணத்தைக் கேட்டோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சொன்னது: “வண்டி மூணு, கன் ஒண்ணு சார். அதுவும் கடைசி லைனுக்குப் போனா சிக்னலே இருக்காது. நான் மேலே ஏத்திட்டு மறுபடி கீழே வந்து ஸ்கேன் பண்ணணுமா?” நியாயமான கேள்வி. கடைசி வரிசைகளில் சிக்னல் ஏன் இல்லை என்று பார்த்தால், வைஃபை ஆக்சஸ் பாயின்ட்களை ராக்குகள் காலியாக இருந்த காலத்தில் அளந்து மாட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே மேலிருந்து கீழ் வரை சிரப்பும் குளுக்கோஸும். ரேடியோ அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். முழு ராக் நிறைய திரவம் என்றால் அது சுவருக்குச் சமம்.

ஒரு ஷிஃப்டுக்கு ஒரே பயனர் பெயரில் எல்லோரும் நுழைவதையும் கண்டோம். யார் எதை எடுத்தார் என்று பின்னால் தேடவே முடியாது. குளிர் அறையிலிருந்து கன்னோடு வெளியே வந்தால் ஸ்கேனர் கண்ணாடியில் ஈரம் படிந்து சிறிது நேரம் எதையும் படிக்காது. சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார்கள்.

எடுத்த முடிவுகள்

கருவியையும் திரையையும் ஒரே நாளில் மாற்றுவதா என்பதில்தான் விவாதம் நீண்டது. நிர்வாகத்துக்கு ஒரே முறையில் முடிக்க ஆசை. பயிற்சி இரண்டு முறை என்றால் செலவும் இரண்டு முறை. எங்கள் வாதம் வேறு. இரண்டும் ஒன்றாக மாறி வேலை மெதுவானால், கன் காரணமா திரை காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஆண்ட்ராய்டு கருவியில் டெர்மினல் எமுலேட்டர் என்ற செயலியைப் போட்டு அதே பழைய திரையை ஓட்டுவது, அது நிலைத்த பிறகு புதிய பதிப்பின் திரைகளுக்குப் போவது என்று முடிவானது. பழைய சர்வர் அதுவரை அலுவலகத்திலேயே இருக்கும்.

எந்த வகைக் கருவி என்பதற்கு இரண்டைச் சோதித்தோம்: போன் போல முழுத் தொடுதிரை ஒன்று, எண் பலகையும் கைப்பிடியும் உள்ளது ஒன்று. தொடுதிரை கைக்கு லேசு, விலையும் குறைவு, இளைஞர்களுக்குப் பிடித்தது. பிக்கிங்கில் அது தோற்றது. எண் அடிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் திரை விசைப்பலகை எழுந்து பாதித் திரையை மறைத்தது. மே மாத வியர்வையில் விரல் ஓரிடம் தொட, அது வேறிடம் எடுத்துக்கொண்டது. பார்க்காமல் தட்டும் அந்த மூத்த பிக்கர் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரைக்கும் நின்றார். பிக்கிங்குக்கு எண் பலகைக் கருவி, சரக்கு இறக்கும் இடத்துக்கும் லாரி ஏற்றும் இடத்துக்கும் தொடுதிரை என்று பிரித்தோம். உடைந்த பெட்டியைப் படம் எடுக்க அங்கே கேமரா தேவை, எண் அடிக்கும் வேலை குறைவு.

அட்டைக்கு என்ன செய்வது? ராக் லேபிள்களை மாற்றி, இடத்தின் பெயருக்குப் பதில் தொடர்பில்லாத ஓர் எண்ணை பார்கோடில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதையும் நகல் எடுத்து ஒட்ட ஒரு மாலை போதும். ஆகவே முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி. சரக்கு நிறைந்திருக்கும் நிலையில் வைஃபையை மறுபடி அளந்து, கடைசி வரிசைகளுக்குத் தனி ஆக்சஸ் பாயின்ட். அது முடிந்த பிறகே லேபிள் மாற்றம். அட்டையை நாங்கள் எடுக்கவில்லை. தேவை போனால் அதுவும் போகும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னோம், அவர் நம்பவில்லை.

ஆளுக்கொரு பயனர் பெயர் என்பதற்கு எதிர்ப்பு இருந்தது. ‘எங்களைக் கண்காணிக்கவா?’ என்றார்கள். கடவுச்சொல் அடிக்கும் தொல்லையைத் தவிர்க்க, அடையாள அட்டையில் பார்கோடு அச்சிட்டு அதை ஸ்கேன் செய்து உள்ளே வரும்படி வைத்தோம். பிழையை ஆள்வாரியாகப் பட்டியலிடும் அறிக்கையை முதல் சில மாதம் திறக்க மாட்டோம் என்று மேலாளர் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். குளிர் அறைக்கு ஒரு கருவியை ஒதுக்கி, அது வெளியே வரக்கூடாது, பேட்டரியை மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்தோம்.

நடந்தது

முதலில் ஒரு நிறுவனத்தின் சரக்கு உள்ள வரிசைகளில் மட்டும், மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்தோம். பழைய திரை, புதிய கன். சில நாளில் பழகிவிட்டது. பட்டன்களை முன்கூட்டி அழுத்தும் பழக்கமும் எமுலேட்டரில் அப்படியே வேலை செய்தது. இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை, அதுவே நல்ல செய்தி.

தொல்லை கியூஆரில் வந்தது. சில பிராண்டுகளின் பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் இணைய முகவரி வந்தது. சிலவற்றில் வரிவரியாக மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண். சிலவற்றில் ஜிஎஸ்1 என்ற உலகப் பொது பார்கோடு முறையில் எண்கள். விதி என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்று சொன்னதே தவிர, எல்லோரும் ஒரே வடிவில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. மருந்து அசலா என்று வாங்குபவர் சரிபார்ப்பதற்காக வந்த விதி அது, குடோன்காரரின் வசதிக்காக வந்ததல்ல. கன் ‘பீப்’ என்று சொல்லும், மென்பொருள் விழிக்கும். பாக்கெட் கியூஆரை நம்பி வேலையை அமைப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தோம். பல பாக்கெட்டுகள் அடங்கிய ஷிப்பர் பெட்டியின் மேல் ஒட்டும் ஜிஎஸ்1 லேபிள்தான் அடிப்படை. அது இல்லாத பெட்டிக்கு இறக்கும் இடத்தில் நாமே லேபிள் அச்சிட வேண்டும்.

ஜிஎஸ்1 லேபிளிலும் இரண்டு சிக்கல்கள் இருந்தன, அவற்றைத் தெரிந்துகொள்வது பிறருக்கும் பயன்படும். அந்த முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் எண் வரும்: 01 என்றால் பொருள், 17 என்றால் காலாவதி, 10 என்றால் பேட்ச், 21 என்றால் வரிசை எண். பேட்ச் எண்ணுக்கு நிலையான நீளம் கிடையாது, 20 எழுத்து வரை போகலாம். அது எங்கே முடிகிறது என்று காட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி உள்ளே இருக்கும். ஸ்கேனரை விசைப்பலகை போல நடிக்கும்படி வைத்திருந்தோம். விசைப்பலகையில் அந்தக் குறிக்குப் பட்டன் இல்லாததால் அது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பேட்ச் 4471, வரிசை எண் 90035 என்றால், மென்பொருளுக்குப் போனது 44712190035 என்ற ஒரே பேட்ச். ‘இப்படி ஒரு பேட்ச் இல்லை’ என்று திரை மறுத்தது. ஆட்கள் சளைக்காமல் கையால் அடிக்கத் தொடங்கினார்கள், அதனால் இரண்டு நாள் யாரும் புகார் சொல்லவே இல்லை. கையால் அடித்த பதிவுகள் திடீரென்று கூடியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஸ்கேனர் அமைப்பில் அந்தக் குறியைத் தெரியும் குறியாக மாற்றியதும் சரியானது.

காலாவதித் தேதியில் இருந்தது இன்னொன்று. மருந்து அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருக்கும். லேபிளில் நாளுக்குப் பதில் 00 போட்டிருந்தார்கள். 270300 என்றால் 2027 மார்ச் முடியும்வரை நல்லது என்று பொருள். புதிய பதிப்பின் ஒரு நிரல் அந்தப் பூஜ்யத்தை ‘மார்ச் 1-க்கு முந்தைய நாள்’ என்று கணக்கிட்டு 2027 பிப்ரவரி 28 என்று எழுதியது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும் என்ற ஒழுங்கில் ஓடும் குடோனில் இது சின்னப் பிழை இல்லை. 00 போட்ட பேட்ச்சும் 31 போட்ட பேட்ச்சும் ஒரே மாதத்தில் முடிந்தாலும் வரிசை மாறிப் போகும். காலாவதி நெருங்கிய சரக்கு ஒரு மாதம் முன்பே முடக்கப்படும். நேரடி ஓட்டத்துக்கு முந்தைய சோதனையில், பெட்டியையும் திரையையும் அருகருகே பார்த்த கிளார்க் ஒருவர் கண்டுபிடித்தார்.

புதிய திரைகளுக்கு மாறியபோது இடம், பேட்ச், எண்ணிக்கை ஆகிய மூன்று திரைகளை ஒன்றாக்கினோம். குறிப்புகளைத் தமிழிலும் இந்தியிலும் காட்ட முடிந்தது. பழைய திரையால் அது முடியாது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த ஆட்களுக்கு இந்தி உதவியது. மருந்துப் பெயரையும் தமிழில் போட்டுப் பார்த்தோம், யாருக்கும் பிடிக்கவில்லை. பெட்டியில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுத்தானே எடுக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

விளைவு

எதிர்பார்க்காத இடத்தில் சண்டை வந்தது. ஃபோர்க்லிஃப்டுகளில் கருவி ஏறி, கடைசி வரிசைகளில் சிக்னல் வந்த பிறகு, அட்டை மேசையில் தூசி படிந்து கிடந்தது. அந்த மாத அறிக்கையில், லாரியிலிருந்து ராக்குக்குச் சரக்கு போகும் நேரம் முன்பு நிமிடங்களில் இருந்தது மணிக்கணக்காக ஏறியிருந்தது. ‘இவ்வளவு செலவு செய்து வேலை மெதுவாகிவிட்டதா?’ என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி. அட்டையை மேலாளரிடம் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. வேலை மெதுவாகவில்லை, முன்பு இருந்த நிமிடக் கணக்கு மேசையில் நடந்த ஸ்கேனின் கணக்கு.

பல காலமாக இருந்த இன்னொரு புகாருக்கும் விடை அதில் கிடைத்தது. மென்பொருள் அனுப்பும் இடத்துக்குப் பிக்கர் போனால் சரக்கு இருக்காது. ‘ஷார்ட்’ என்று போட்டுவிட்டு வருவார். சரக்கு குறைந்ததா, திருட்டா என்று சந்தேகம் ஓடும். அதில் கணிசமான பகுதி, கணக்கில் ராக்கில் ஏறி, உண்மையில் தரையில் நின்ற பேலட்டுகள்தான். சூப்பர்வைசர் வைத்திருந்த ஷார்ட் நோட்டில் மாதக் கடைசிப் பக்கங்கள் மெலிந்தன. இறக்கும் இடத்தில் தேங்கும் நேரம் கண்ணுக்குத் தெரிந்ததால், காலையில் ஒரு ஃபோர்க்லிஃப்டை அந்த வேலைக்கு மட்டும் ஒதுக்க மேலாளரால் அனுமதி வாங்க முடிந்தது. முன்பு இரண்டு முறை கேட்டு மறுக்கப்பட்ட கோரிக்கை அது.

மாறாத குறையும் உண்டு. திரைகள் ஒன்றானதில் புதியவர்கள் வேகமானார்கள்; மூத்த பிக்கரின் பழைய வேகம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இணையத் திரை முன்கூட்டி அழுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ளாது. அவரைத் தரச் சோதனைக்கு மாற்றினார்கள். அதைப் பதவி உயர்வு என்று நிர்வாகம் சொன்னது. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

அடுத்த இடத்தில் மாற்றிச் செய்ய வேண்டியவை

வைஃபை அளவீட்டை மாதக் கடைசி வாரத்தில், ராக் நிறைந்திருக்கும்போது செய்ய வேண்டும். அதுவும் கருவிக்கு ஆர்டர் போடும் முன்பே. அறிக்கையின் எண்கள் முதலில் மோசமாகத் தெரியும் என்பதைத் தலைமை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். சரக்கு அனுப்பும் ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் உண்மையான ஷிப்பர் லேபிள்களை வாங்கி, 00 தேதியும் நீளமான பேட்ச்சும் உள்ளவற்றைப் பொறுக்கிச் சோதிக்க வேண்டும். கணினியில் நாமே தயாரிக்கும் மாதிரி லேபிளில் இந்தத் தவறு எதுவும் வராது. கையால் அடித்த பதிவுகளின் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்தே தினமும் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும் சரக்கைத் தொடவே இல்லை. காலாவதியாகிக் கடைகளிலிருந்து வருபவை பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள். பேட்ச் எண் இருந்த பக்கம் பல நேரம் விற்றுப்போயிருக்கும். எந்த இமேஜரும் அதைப் படிக்காது. அந்த மூலையில் இன்றும் நோட்டும் பேனாவும்தான் ஓடுகின்றன.